நடுக்கடலில் கப்பலேறும் வலசைப் பறவைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சரக்குக் கப்பல்களின் மேல்தளத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். சுற்றிலும் நீரைத் தவிர வேறெதுவும் இல்லாத இடத்தில், கம்பியழியின் மேல் ஒரு வாலாட்டி வந்து உட்கார்ந்து வாலை ஆட்டுவதை முதன்முறை பார்த்தபோது எனக்குள் எழுந்த கேள்விகளே, பிற்பாடு புதிய மாலுமிகளிடமிருந்தும் பயணிகளிடமிருந்தும் பாய்மரப் படகில் கடல் கடப்பவர்களிடமிருந்தும் திரும்பத் திரும்ப வந்தன. அவற்றுக்கான பதில்களை இங்கே சேர்த்திருக்கிறேன். பறவை இந்த நேரமே உங்கள் கப்பலில் இருக்கிறது என்றால் முன்பகுதியை விட்டுவிட்டு, "வந்து உட்கார்ந்த பறவைக்கு என்ன செய்வது?" என்ற கேள்விக்கு நேரே போய்விடுங்கள்.

கரையிலிருந்து முந்நூறு கடல் மைல் தள்ளி இருக்கிறோம். இந்தச் சின்னக் குருவி வழி தவறித்தானே வந்திருக்கும்?

பெரும்பாலும் இல்லை. அது தன் வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. இடையில் வந்தது நம் கப்பல்.

பெருங்கடலைக் கடப்பது பல நிலப்பறவைகளுக்கு ஆண்டுக்கு இருமுறை நடக்கும் காரியம். அமூர் வல்லூறு புறாவின் அளவே உள்ள வேட்டைப் பறவை. கிழக்கு ஆசியாவில் குஞ்சு பொரித்து, இந்தியா வழியாக வந்து, அரபிக்கடலின் மேல் எங்கும் இறங்காமல் ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் பறந்து ஆப்பிரிக்காவை அடைகிறது. 2019 ஜூன் மாதம் மங்கோலியாவில் ஒரு குயிலுக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, ஓனன் என்று ஓர் ஆற்றின் பெயரை வைத்தார்கள். அது ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதி வரை போய்விட்டு 2020 மே மாதம் புறப்பட்ட இடத்துக்கே திரும்பியது. மொத்தப் பயணம் சுமார் 26,000 கிலோமீட்டர். போகும்போதும் வரும்போதும் கடலைத் தாண்டியது.

வட அமெரிக்காவின் பிளாக்போல் வார்ப்ளர் வெறும் 12 கிராம் எடையுள்ள குருவி. அதன் முதுகில் மிகச் சிறிய கருவியைக் கட்டி ஆராய்ந்தவர்கள் 2015-இல் முடிவை வெளியிட்டார்கள்: இலையுதிர் காலத்தில் அது அட்லாண்டிக் கடலின் மேல் 2,270 முதல் 2,770 கிலோமீட்டர் வரை, இரண்டு மூன்று நாட்கள் இடைவிடாமல் பறந்து கரீபியன் தீவுகளை அடைகிறது. இவற்றையெல்லாம் மிஞ்சியது பட்டைவால் மூக்கன் என்ற கரைப்பறவை. 2022 அக்டோபரில், பிறந்து ஐந்தே மாதமான ஓர் இளம் பறவை அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரைப் பதினொரு நாட்களில், உணவும் நீரும் இல்லாமல், ஒரே வீச்சில் கடந்தது. அதற்கு வழி காட்டிக் கூட்டிப் போன தாயும் இல்லை. வளர்ந்த பறவைகள் முன்பே கிளம்பிப் போய்விடுகின்றன.

வழி தவறியவையும் உண்டுதான். புயல் அடித்துக்கொண்டு வந்தவை, முதல் பயணத்தில் திசை பிசகிய இளம் பறவைகள் என்று அவ்வப்போது வரும். ஆனால் கப்பலில் பறவையைக் கண்டதும் "ஐயோ, தொலைந்துபோய்விட்டது" என்று முடிவு கட்டினால், அடுத்து நாம் செய்வதெல்லாம் தவறாகப் போகும். அதனால்தான் இதை முதல் கேள்வியாக வைத்தேன்.

அவ்வளவு சிறிய உடம்பு எப்படித் தாங்குகிறது?

கொழுப்பினால். புறப்படுவதற்கு முந்தைய வாரங்களில் பறவை இரவு பகல் பாராமல் தின்று, எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். மெக்சிகோ வளைகுடாவைக் கடக்கும் ரீங்காரச் சிட்டு சாதாரண நாட்களில் மூன்று கிராம் எடைதான் இருக்கும். கிளம்பும்போது அது ஆறு கிராமை நெருங்கும். ஒரு கிராம் கொழுப்பு, அதே எடையுள்ள மாவுச்சத்தைவிட இருமடங்குக்கு மேல் ஆற்றல் தரும். எரியும்போது உடலுக்குள்ளேயே நீரும் உண்டாகும். அதனால்தான் குடிக்காமல் இத்தனை தொலைவு போக முடிகிறது.

மூக்கனின் உடலில் நடப்பது இன்னும் வியப்பானது. புறப்படும் முன் அதன் இரைப்பையும் குடலும் ஈரலும் சுருங்கிவிடுகின்றன. வழியில் சாப்பிடப் போவதில்லை, பிறகு அந்த எடையை ஏன் சுமக்க வேண்டும்? போய்ச் சேர்ந்த பின் அவை மறுபடி வளர்ந்துவிடும். பறந்து களைத்த பறவையின் வாயில் உணவைத் திணிப்பது ஏன் கூடாது என்பதற்கு இதிலேயே ஒரு காரணம் இருக்கிறது.

அப்படியென்றால் ஏன் கப்பலில் இறங்குகிறது?

கணக்கு பிசகும்போது இறங்குகிறது. காற்று முதுகைத் தள்ளும் நாளாகப் பார்த்துத்தான் பறவை கிளம்பும். நடுவழியில் காற்று திரும்பி நெஞ்சில் அறையத் தொடங்கினால், இரண்டு நாள் பயணத்துக்குச் சேர்த்த கொழுப்பு ஒன்றரை நாளில் தீர்ந்துவிடும். மழை இறகை நனைத்துக் கனமாக்கும். மூடுபனி விண்மீன்களை மறைக்கும். நிலப்பறவை நீரில் இறங்கி இளைப்பாற முடியாது. இறகு நீரை உறிஞ்சிவிடும், பிறகு எழும்ப முடியாது. அந்த நிலையில் கண்ணுக்குத் தெரியும் ஒரே திடமான பொருள் கப்பல்.

ஒருமுறை வசந்த காலத்தில் மத்திய தரைக் கடலில் விடியற்காலை மழை பிடித்துக்கொண்டது. வெளிச்சம் வந்தபோது சரக்கறை மூடிகளின் மேல் தகைவிலான்கள், வாலாட்டிகள், ஈப்பிடிப்பான்கள், இரண்டு கொண்டலாத்திகள், கயிற்றுச் சுருளுக்குள் ஒரு காடை என்று பத்துப் பன்னிரண்டு வகைப் பறவைகள் இருந்தன. ஒன்றும் சத்தமிடவில்லை. பக்கத்தில் நடந்து போனால்கூட நகரவில்லை. மழை விட்டு அரை மணி நேரத்தில் முக்கால்வாசிப் பறவைகள் வடக்கு நோக்கிக் கிளம்பிவிட்டன. எங்களில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவற்றுக்கு வேண்டியிருந்தது உட்கார ஓர் இடம் மட்டுமே.

எந்தக் கடல்களில், எந்த மாதங்களில் அதிகம் பார்க்கலாம்?

வடக்கு அரைக்கோளத்தில் மார்ச் முதல் மே வரையும், ஆகஸ்ட் கடைசி முதல் நவம்பர் வரையும். மத்திய தரைக் கடல், செங்கடல், அரபிக்கடல், மெக்சிகோ வளைகுடா, மஞ்சள் கடல், வட அட்லாண்டிக் ஆகியவை இதற்குப் பேர்போன இடங்கள். நாரைகளையும் பெரிய கழுகுகளையும் மட்டும் திறந்த கடலில் எதிர்பார்க்காதீர்கள். அவை வெயிலில் நிலம் சூடேறி எழும்பும் காற்றில் மிதந்து பயணம் செய்பவை; கடலின் மேல் அந்தக் காற்று எழுவதில்லை. அதனால் குறுகலான இடம் தேடிக் கூட்டமாக வருகின்றன. சுமார் 14 கிலோமீட்டர் அகலமே உள்ள ஜிப்ரால்டர் நீரிணையிலும், துருக்கியின் பாஸ்பரஸ் நீரிணையிலும், செங்கடலின் தென்வாயிலான பாப் எல் மண்டபிலும் பருவத்தில் வானமே நிறைந்திருக்கும்.

வந்திருப்பது நிலப்பறவையா, கடற்பறவையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காலைப் பாருங்கள். விரல்களுக்கு நடுவே சவ்வு இருந்தால் பெரும்பாலும் கடற்பறவை. அலகின் மேல் மூக்குத்துளைகள் சிறு குழாய் போல எழும்பியிருந்தால் அது அல்பட்ரோஸ், பெட்ரல், ஷியர்வாட்டர் குடும்பத்தைச் சேர்ந்தது. இந்த வேறுபாடு மிக முக்கியம். நிலப்பறவையைப் பகலில் விட வேண்டும், பெட்ரலை இருட்டிய பின் விட வேண்டும். நிலப்பறவைக்கு நல்ல தண்ணீர் வேண்டும். கடற்பறவைக்கு உப்பைப் பிரித்து வெளியேற்றும் சுரப்பி தலையிலேயே இருக்கிறது.

வந்து உட்கார்ந்த பறவைக்கு என்ன செய்வது?

முதலில், எதுவும் செய்யாதீர்கள். இதைச் சொன்னால் பலருக்கும் ஏமாற்றம் வருகிறது. உதவ வேண்டும் என்ற ஆசை நல்ல மனத்திலிருந்து வருவது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் நாம் நெருங்கும் ஒவ்வொரு முறையும் பறவை எழுந்து பறக்கிறது. கப்பலைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து மறுபடி உட்காருகிறது. ஒரு படத்துக்காக நான்கு முறை விரட்டினால், கரைக்கு மிச்சம் வைத்திருந்த கொழுப்பில் ஒரு பங்கு அங்கே போய்விடும்.

பறவை இருக்கும் பக்கம் ஆட்கள் நடமாட்டத்தைக் குறையுங்கள். வேறு வழியில் போக முடிந்தால் போங்கள். சங்கிலி இழுப்பது, துருத் தட்டுவது போன்ற வேலைகளை மறுபக்கத்துக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். எண்ணெய் சிந்திய இடமும், கசடு தேங்கிய தட்டுகளும், திறந்த வாளிகளும் அருகில் இருந்தால் மூடுங்கள். தாகத்தில் வரும் பறவை அவற்றில் இறங்கிவிடும். கப்பலில் பூனையோ நாயோ இருந்தால் உள்ளே அடையுங்கள். கதவுகளை மூடி வையுங்கள். உள்ளறைகளுக்குள் நுழைந்த பறவை கண்ணாடியில் மோதியே செத்துப்போகும்.

ஆழமில்லாத தட்டில் நல்ல தண்ணீரை ஊற்றி, நடுவில் நிற்பதற்கு ஒரு கல்லோ மரத்துண்டோ வைத்து, காற்றுமறைவில் வைத்துவிட்டு விலகுங்கள். ஒரு விரற்கடை ஆழம் போதும். இதைத் தவிர வேறொன்றும் பெரும்பாலான பறவைகளுக்குத் தேவைப்படாது.

சாப்பிட என்ன கொடுக்கலாம்? ரொட்டி சாப்பிடுமா?

ரொட்டி, சோறு, பால், உப்பிட்ட எதுவும் வேண்டாம். நடுக்கடலில் வருபவற்றில் பெரும்பகுதி பூச்சி தின்னும் பறவைகள். தகைவிலானும் பஞ்சுருட்டானும் பறக்கும் பூச்சியைக் காற்றிலேயே பிடித்துத் தின்பவை. தட்டில் வைத்ததை உணவு என்றே அவை அறியாது. இரவில் விளக்கடியில் விழுந்த அந்துப்பூச்சிகள் இருந்தால் பெருக்கிக் கொட்டாமல் விட்டுவையுங்கள். வாலாட்டிகள் மேல்தளம் முழுக்க நடந்து அவற்றைப் பொறுக்கித் தின்னும். காடை, புறா போன்றவற்றுக்கு உடைத்த தானியம் தூவலாம்.

அரபிக்கடலில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தும்பிகள் கூட்டமாகக் கப்பலைக் கடப்பதைக் காணலாம். தேசாந்தரித் தும்பி என்று அழைக்கத் தகுந்த அந்தச் சிறு உயிரும் இந்தியாவிலிருந்து ஆப்பிரிக்காவை நோக்கிக் கடல் கடக்கிறது என்ற கருத்தை, மாலத்தீவில் பல ஆண்டுகள் கவனித்த சார்லஸ் ஆண்டர்சன் 2009-இல் முன்வைத்தார். அமூர் வல்லூறு அதே பருவத்தில் அதே திசையில் போகிறது. அது வழியில் தும்பிகளைப் பிடித்துத் தின்கிறது என்று பறவையியலாளர்கள் கருதுகிறார்கள்.

எப்போதுதான் கையில் எடுக்கலாம்?

மோதி மயங்கிக் கிடந்தால், அடிபட்டிருந்தால், எண்ணெயில் தோய்ந்திருந்தால், அல்லது அலை அடித்துப் போகும் இடத்தில் அசையாமல் கிடந்தால். கையுறை அணியுங்கள். மெல்லிய துணியைத் தலையோடு சேர்த்துப் போர்த்தி, இறக்கைகள் உடம்போடு ஒட்டியிருக்கும்படி பிடியுங்கள். காலைப் பிடித்துத் தூக்கவே கூடாது. கொக்கு, நாரை, கேனட் போன்ற நீண்ட அலகுப் பறவைகள் முகத்தைக் குறிவைத்துக் குத்தும்; அவற்றை முகத்திலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டும்.

அட்டைப் பெட்டி ஒன்றில் காற்றுப்போகத் துளையிட்டு, அடியில் துணி விரித்து, பறவையை உள்ளே விட்டு மூடுங்கள். கம்பிக் கூண்டு வேண்டாம், இறகு முறியும். பெட்டி இருட்டாக இருக்க வேண்டும். இருட்டில் பறவை அமைதியாகும். எந்திர அறைச் சத்தமும் சமையலறைச் சூடும் இல்லாத இடத்தில் வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்காதீர்கள். அலகைப் பிளந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்ப் பறவை நம் கையிலேயே இறந்துவிடும். அன்போடு செய்யப்படும் பிழைகளில் நான் அதிகம் கண்டது இதுதான்.

மோதி மயங்கிய பறவை பலவேளைகளில் ஓரிரு மணி நேரத்தில் பெட்டிக்குள் படபடக்கத் தொடங்கும். பகலாக இருந்து மழையும் இல்லையென்றால் மேல்தளத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். தானாகப் போகட்டும். மேலே தூக்கி எறியாதீர்கள்.

இரவில் கரிய பறவை ஒன்று மேல்தளத்தில் விழுந்து கிடக்கிறது. காயம் இல்லை, ஆனால் எழுந்து நடக்கவே முடியவில்லை. கால் முறிந்துவிட்டதா?

முறிந்திருக்காது. பெட்ரல், ஷியர்வாட்டர் இனங்களுக்குக் கால்கள் உடம்பின் பின்கோடியில் அமைந்திருக்கின்றன. நீந்தவும் நீரை உதைத்து எழும்பவும் ஏற்றவை. இரும்புத் தளத்தில் அவற்றால் தவழத்தான் முடியும். விளக்கால் ஈர்க்கப்பட்டு விழுந்தவை மூலைகளிலும் குழாய்களுக்குப் பின்னாலும் போய் ஒடுங்கிக்கொள்ளும். யாரும் தேடாவிட்டால் அங்கேயே பட்டினியில் சாகும். ஆகவே இந்த ஒரு வகைக்கு மட்டும் "தொடாதே" என்ற என் விதி பொருந்தாது. இவற்றைத் தேடி எடுத்தே ஆக வேண்டும்.

எடுக்கும்போது சில இனங்கள் வயிற்றிலிருந்து நாற்றமடிக்கும் எண்ணெயை உமிழும். அது இன்னொரு பறவையின் இறகில் பட்டால் நீர் ஒட்டாத தன்மை கெட்டுவிடும். அதனால் ஒரு பெட்டிக்கு ஒரு பறவைதான். இறகு நனைந்திருந்தால் உலரும்வரை வைத்திருங்கள். பிறகு, இருட்டில், கப்பலின் அந்தப் பக்க விளக்குகளை அணைத்துவிட்டு, காற்றுமறைவுப் பக்கத்தில், முடிந்த அளவு நீருக்கு அருகே கையை நீட்டி விடுங்கள். பகலில் விட்டால் கடற்காகங்களும் ஸ்கூவாக்களும் பிடித்துக்கொள்ளும்.

கப்பலின் விளக்குகள் உண்மையிலேயே அவ்வளவு தீங்கு செய்கின்றனவா?

ஆம். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

சிறு வலசைப் பறவைகள் பெரும்பாலும் இரவில் பறக்கின்றன. தெளிந்த இரவில் அவை உயரத்தில், நமக்குத் தெரியாமலே கடந்து போய்விடும். மேகம் தாழ்ந்து, தூறல் விழுந்து, நிலவும் இல்லாத இரவில் அவையும் தாழ்ந்து பறக்கும். அப்போது வெளிச்சத்துக்குள் வந்த பறவைக்கு, ஒளிக்கு அப்பால் இருக்கும் இருள் சுவர் போலாகிவிடுகிறது. வெளியே போகாமல் சுற்றிச் சுற்றியே களைக்கிறது, கம்பிவடத்திலும் கண்ணாடியிலும் மோதுகிறது.

கலங்கரை விளக்கக் காவலர்களுக்கு இது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரியும். வட கடலில் உள்ள ஹெலிகோலாந்து தீவில் ஹைன்ரிஷ் கேட்கே என்பவர் பல பத்தாண்டுகள் வலசையைக் கவனித்து எழுதியபோது, விளக்கைச் சுற்றிப் பனித்தூவல் போலப் பறவைகள் மொய்த்த இரவுகளும் அதில் இடம்பெற்றன. இக்காலச் சான்று நியூயார்க்கிலிருந்து கிடைத்தது. அங்கே செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுக்கு ஓர் இரவு வானை நோக்கி ஏற்றப்படும் ஒளித்தூண்களை ஏழு இரவுகளில் ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிக்கப்பட்ட பறவைகள் சுமார் 11 லட்சம். விளக்கை அணைத்த சில நிமிடங்களிலேயே அவை கலைந்து தம் வழியே போயின என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. எனக்கு அந்த இரண்டாவது செய்திதான் பெரிது. சுவிட்சு நம் கையில் இருக்கிறது.

கப்பல்களில் நடந்ததும் பதிவாகியிருக்கிறது. தென் பெருங்கடலில் சவுத் ஜார்ஜியா தீவு அருகே ஒரு மீன்பிடிக் கப்பலில் ஒரே இரவில் ஏறத்தாழ 900 கடற்பறவைகள் வந்து விழுந்தன. 200-க்கும் மேற்பட்டவை இறந்தன.

செய்ய வேண்டியது எளிது. வேலை இல்லாத இடங்களில் தளவிளக்குகளை அணையுங்கள். வேலை நடக்கும் இடத்தில் விளக்கு கீழ்நோக்கி இருக்கட்டும். அறைகளின் சாளரத் திரைகளை இழுத்து மூடச் சொல்லுங்கள். பயணிகள் கப்பலில் இது பெரிய வேறுபாட்டைத் தரும். தீவுகளுக்கு அருகே நங்கூரமிட்டு நிற்கும் இரவுகளில் இரட்டைக் கவனம் வேண்டும். விடியும் முன் ஒருவர் மேல்தளத்தை முழுதாகச் சுற்றி வந்து பார்க்க வேண்டும்.

விளக்கை அணைத்தால் பாதுகாப்பு விதியை மீறியதாகாதா?

வழிசெலுத்தும் விளக்குகளை எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது. மற்றவற்றைப் பொறுத்தவரை விதியே நம் பக்கம் நிற்கிறது. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972-ஆம் ஆண்டு பன்னாட்டு விதிகளில் 20-ஆவது விதி, கண்காணிப்புக்கு இடையூறாகும் வேறு விளக்குகளைக் காட்டக் கூடாது என்கிறது. இருண்ட தளம், பிரிட்ஜில் (கப்பலைச் செலுத்தும் அறையில்) நிற்பவரின் கண்ணுக்கும் நல்லது. எந்த மாற்றத்தையும் கேப்டனின் ஒப்புதலோடு செய்யுங்கள்.

வல்லூறு ஒன்று கூம்பில் (கப்பலின் உயர்ந்த கம்பத்தில்) தங்கிக்கொண்டு, களைத்து வரும் சிறு பறவைகளைப் பிடித்துத் தின்கிறது. விரட்டலாமா?

வேண்டாம். பார்க்க மனம் பொறுக்காதுதான். நானும் ஒருமுறை கையைத் தட்டிக் கத்தியிருக்கிறேன். ஆனால் அந்த வல்லூறும் வலசைப் பயணிதான், அதற்கும் கரை தொலைவுதான். எலியனோரா வல்லூறு என்ற இனம் மத்திய தரைக் கடல் தீவுகளில் கூடு கட்டுவதே கோடையின் கடைசியில்தான். குஞ்சுகள் வாய் திறக்கும் நேரத்தில் தெற்கே போகும் சிறு பறவைகள் கடலைக் கடந்து வரும். தண்ணீர்த் தட்டைத் திறந்த வெளியில் வைக்காமல் பொருட்களின் மறைவில் வைத்தால் போதும், சின்னவை ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும்.

பறந்துகொண்டே தூங்குமா?

சில பறவைகள் தூங்கும். ஃப்ரிகேட் என்ற கடற்பறவைகளின் தலையில் மூளை அலைகளைப் பதியும் கருவியைப் பொருத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வில், அவை பறக்கும்போது நாளுக்குச் சராசரியாக 42 நிமிடங்கள் தூங்கியது தெரிந்தது. சில நொடிகள் கொண்ட துண்டுத் தூக்கங்கள். பலமுறை மூளையின் ஒரு பாதி மட்டும் தூங்கியது.

கப்பலின் பின்னாலேயே நாள்கணக்கில் வரும் பறவைகளும் களைத்தவையா?

இல்லை. அல்பட்ரோஸும் பெட்ரலும் கடலிலேயே வாழ்பவை. அல்பட்ரோஸ் காற்றின் வேக வேறுபாட்டைப் பயன்படுத்தி இறக்கையை அடிக்காமலே நெடுந்தொலைவு போகும். அவை கப்பலைத் தொடர்வது உணவுக்காகவும் காற்றோட்டத்துக்காகவும். அவற்றுக்கு நாம் செய்யக்கூடிய ஒரே உபகாரம், பிளாஸ்டிக் துண்டு ஒன்றுகூடக் கடலில் விழாமல் பார்த்துக்கொள்வது. பசிபிக் பெருங்கடலின் மிட்வே தீவில் அல்பட்ரோஸ் குஞ்சுகளின் வயிற்றில் பாட்டில் மூடிகளும் லைட்டர்களும் நிறைந்து கிடப்பதைப் பலரும் படமெடுத்திருக்கிறார்கள். பெற்ற பறவைகளே கடலில் பொறுக்கிக் கொண்டுவந்து ஊட்டியவை அவை.

பறவை கப்பலை விட்டுப் போகவே இல்லை. எங்களோடு வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டால்?

சில நாட்கள் தங்கும் பறவை பெரும்பாலும் கரை கண்ணில் பட்டதும் போய்விடும். வலசைப் பறவையைப் பிடித்து வைத்துக் கரைக்குக் கொண்டுபோவது பெரும்பாலான நாடுகளில் சட்டப்படி குற்றம். அது நல்ல எண்ணத்தோடு செய்ததா என்று சட்டம் பார்க்காது.

வலசை போகாத பறவை ஏறிக்கொண்டால் நிலைமை வேறு. நம் வீட்டுக் காகம் துறைமுகங்களில் கப்பலேறி, இந்தியப் பெருங்கடலைச் சுற்றிலும் பரவி, 1994-இல் நெதர்லாந்தின் ஹூக் வான் ஹாலந்து துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. போன இடங்களில் உள்ளூர்ப் பறவைகளின் முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றது. ஆகவே துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய முதல் நாளில் கப்பலில் காகங்கள் இருந்தால் உணவு கொடுத்துத் தங்கவைக்காதீர்கள். கழிவுத் தொட்டிகளை மூடுங்கள், கரை அருகில் இருக்கும்போதே திரும்பிவிடும்.

காலில் வளையத்தோடு, மனிதரைக் கண்டு அஞ்சாமல் நடக்கும் புறா என்றால் அது பந்தயப் புறா. தானியமும் நீரும் கொடுத்தால் ஓரிரு நாளில் தெம்பாகிவிடும்.

பறவைக் காய்ச்சல் பயம் வேண்டுமா?

பயம் வேண்டாம், கவனம் வேண்டும். 2021-க்குப் பிறகு எச்5என்1 நச்சுயிரி கடற்பறவைகளிடையே பெரும் சாவை ஏற்படுத்தியது. 2023 அக்டோபரில் சவுத் ஜார்ஜியா வரை எட்டிவிட்டது. உயிருள்ளதோ இறந்ததோ, வெறுங்கையால் தொடாதீர்கள். எச்சத்தைக் காய்ந்த நிலையில் பெருக்காமல் நீர் ஊற்றிக் கழுவுங்கள். பல பறவைகள் ஒரே நேரத்தில் இறந்து கிடந்தாலோ, தலை திருகித் தள்ளாடினாலோ, அருகே போகாமல் அடுத்த துறைமுக அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள்.

பறவையைப் பின்பற்றிக் கரையைக் கண்டுபிடிக்க முடியுமா?

சில பறவைகளைக் கொண்டு முடியும். 1492 அக்டோபர் 7 அன்று, தென்மேற்கே போகும் பெருங்கூட்டங்களைக் கண்ட கொலம்பஸ் மேற்கு நோக்கிய தன் போக்கை மேற்கு-தென்மேற்காக மாற்றினார். ஐந்து நாள் கழித்துக் கரை தெரிந்தது. பசிபிக் தீவுகளின் மாலுமிகள் இன்னும் நுட்பமானவர்கள். காலையில் தீவை விட்டு மீன்பிடிக்கக் கிளம்பி மாலையில் கூட்டுக்குத் திரும்பும் வெள்ளை ஆலா போன்ற பறவைகளை அறிந்து, அந்திநேரத்தில் அவை போகும் திசையைப் பார்த்துப் படகைத் திருப்புவார்கள். வலசைப் பறவையை நம்பி மட்டும் போகாதீர்கள். அது போகும் கரை இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கலாம்.

கப்பலிலிருந்து எழுந்து, எத்திசையிலும் கரை காணாமல் மீண்டும் கூம்பின் மேலேயே வந்து அமரும் பறவையைத் தமிழ்ப் பக்திப் பாடல் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உவமையாகச் சொல்லியிருக்கிறது. அந்தப் பறவையை நேரில் பார்க்கும்போதெல்லாம் அது என் நினைவுக்கு வரும்.

எதையெல்லாம் குறித்து வைக்க வேண்டும்?

நாள், நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, காற்றின் திசையும் வேகமும், மழையா பனியா, எத்தனை பறவைகள், எத்திசையிலிருந்து வந்தன, எத்திசையில் போயின. பெயர் தெரியாவிட்டாலும் படம் இருந்தால் போதும். கடலில் பறவைகளை எண்ண ஆய்வாளர்களுக்கு அதிக வாய்ப்பில்லை. அங்கே எந்நேரமும் இருப்பவர்கள் மாலுமிகள்தான். ராயல் நேவல் பேர்ட்வாட்சிங் சொசைட்டி 1946-இல் தொடங்கப்பட்டதே கடலோடிகளின் இத்தகைய குறிப்புகளைச் சேர்க்கத்தான். பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் இணையதளத்திலும் கடல் பதிவுகளை ஏற்றலாம்.

நாங்கள் எல்லாம் சரியாகச் செய்தும் பறவை இறந்துவிட்டது. எங்கே தவறு செய்தோம்?

பெரும்பாலும் எங்கும் இல்லை. கொழுப்பு தீர்ந்த பின் பறவை தன் பறக்கும் தசையையே எரித்துப் பயணத்தைத் தொடரும். அந்த நிலையைத் தாண்டி வந்த பறவையைக் கப்பலில் வைத்துக் காப்பாற்றுவது மிகக் கடினம். மார்பைத் தடவினால் நடு எலும்பு கத்திமுனை போலத் துருத்திக்கொண்டிருக்கும்.

கையுறையோடு எடுத்து, காலில் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். டென்மார்க்கில் ஆசிரியராக இருந்த ஹான்ஸ் கிறிஸ்டியன் மார்ட்டன்சன் 1899-இல் மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளுக்கு எண்ணிட்ட வளையம் மாட்டத் தொடங்கியதிலிருந்து, வலசை பற்றி நாம் அறிந்ததில் பெரும்பங்கு இப்படிக் கிடைத்த சிறு உலோக வளையங்களிலிருந்து வந்தது. எண்ணையும் முகவரியையும் எழுத்து விடாமல் குறித்து, வளையத்தில் உள்ள முகவரிக்கு அனுப்புங்கள். உயிரோடிருக்கும் பறவையின் வளையத்தைக் கழற்றாதீர்கள். படம் எடுத்தால் போதும்.

வளையம் இல்லையென்றாலும் குறிப்பேட்டில் எழுதுங்கள். என் பழைய குறிப்பேடு ஒன்றில் வட அட்லாண்டிக்கில் இறந்த ஒரு வீட்டியர் குருவிக்கு இரண்டு வரி இருக்கிறது: இடம், காற்று, "விடியும் முன் இறந்தது, வளையம் இல்லை." அதற்குக் கீழே அதே நாள் காலை, அதே இனத்தில் மூன்று பறவைகள் கப்பலின் முன்முனையிலிருந்து எழுந்து தென்கிழக்கே போனதாக எழுதியிருக்கிறேன்.